இருபது பாகம்

நான் செய்த மீன்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று ஆணையத்தில் பேசிக்கொண்டார்கள். முதலில் காபி மெஷின் பக்கத்தில் கிசுகிசுத்தார்கள். பிறகு கூட்டத்திலேயே சொன்னார்கள். பவள மீட்பு ஆணையத்தில் வேலை பார்த்த ஒன்பது வருஷத்தில் என்னை யாரும் கிண்டல் செய்ததில்லை. கிண்டல் செய்கிற அளவுக்கு நான் யாரோடும் பழகியதும் இல்லை. அதனால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

மீன்கள் என்றால் இயந்திர மீன்கள். முழங்கை நீளம், மொண்ணை மூக்கு, மூக்கின் நுனியில் கிள்ளுவதற்கு இரண்டு விரல், வயிற்றில் கிள்ளியதைப் போட ஒரு சின்னக் கூடை. மண்டபத்துக்குத் தெற்கே நரிப்பாறைத் தீவைச் சுற்றி அறுபது ஏக்கருக்குப் பவளப்பார் இருக்கிறது. ஒரு காலத்தில் அதைச் சுண்ணாம்புக்காக வெட்டினார்கள். அப்புறம் இழுவைமடி வலை போட்டு அரித்தார்கள். அப்புறம் கடல் சூடேறி மிச்சமும் வெளுத்தது. செத்த பவளத்தின் மேல் பாசி ஏறிவிட்டால் புதிய குஞ்சுப் பவளம் வந்து ஒட்ட இடம் கிடைக்காது. பாசியைத் தின்று இடம் பண்ணிக் கொடுக்கும் கிளிமீன்களை நாம் எப்போதோ குழம்பு வைத்துத் தீர்த்துவிட்டோம். அதற்குப் பதிலாகத்தான் நாலாயிரம் இயந்திரக் கிளிகளைச் செய்து நீரில் விட்டேன்.

அவற்றுக்குப் பாசி பறிக்கக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை, முத்துவாடிப் பெண்கள். மொத்தம் இருபத்தாறு பேர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். வேரோடு பிடுங்கினால் அடியில் ஒட்டியிருக்கும் குஞ்சுப் பவளமும் சேர்ந்து பெயர்ந்துவிடும் என்பதால், அவர்கள் எப்போதும் அடியை விட்டுத்தான் கிள்ளுவார்கள். விரல் துணிக்குள் உணரிகளை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கிளிகள் அவர்கள் கூடவே நீந்தி, அவர்கள் கை போன இடத்தையும் போகாத இடத்தையும் பார்த்துப் பழகின. நாலைந்து வருஷத்தில் பார் தேறியது. நண்டு வந்தது, கலவா மீன் வந்தது, நான்கூட ஒருநாள் படகில் உட்கார்ந்து அழுதேன்.

பார் தேறியதும் ஆணையம் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தது. மனித நடமாட்டமே இடையூறாம். அந்த வருஷம் சித்திரையில் பாரைச் சுற்றி ஒலிவேலி போட்டார்கள். மிதவைகளிலிருந்து நீருக்கடியில் ஓர் அதிர்வு வரும். மீனுக்கு அது கேட்காது. மனிதன் மூழ்கினால் காது குடையும், தலை சுற்றும், திரும்பிப் போய்விடுவான். பெண்களுக்கு இறால் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார்கள். வேலிக்குள் போனால் குடும்பத்தில் யாருக்குமே அந்த வேலை இருக்காது என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். வாத்தியார்களை வெளியே துரத்திவிட்டு மாணவர்களை மட்டும் வைத்துக்கொண்ட பள்ளிக்கூடம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

வேலி போட்ட ஒன்பது பத்து மாதத்துக்குள் என் கிளிகள் ஏழு இடத்தில் வேலையை நிறுத்திவிட்டன. ஏழும் வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆரம் முப்பத்தாறு மீட்டர், கூடக் குறைய இல்லை. உள்ளே பாசி இடுப்பளவு மண்டிக் கிடந்தது. வட்டத்தின் ஓரம் வரைக்கும் கிளிகள் வரும், நிற்கும், திரும்பிவிடும்.

"ரெக்சலின், ஏழு ஏக்கர் காடாக் கெடக்கு" என்றார் இயக்குநர் வேதமூர்த்தி. "பத்துல ஒரு பங்குக்கு மேல பாசி இருந்தா, பார் மீண்டாச்சுங்கிற சான்று கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். சித்திரை கடைசியில ஆய்வுக் குழு வருது. உங்க கிளிங்க என்ன, ஸ்ட்ரைக் பண்ணுதா?"

மாசி மாதம் பிறந்திருந்தது. கிளிகளின் நிரலை வரிவரியாகப் பார்த்தேன். பிழை எதுவும் கிடைக்கவில்லை. முப்பத்தாறு என்ற எண்ணை நான் எங்கேயும் எழுதவே இல்லை. வேறு வழியில்லாமல் முத்துவாடிக்குப் போனேன்.

நம்புத்தாய் இறால் கம்பெனி வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பாசிக்காரப் பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்கள் வெளுத்திருந்தன.

"வாங்க டாக்டரம்மா. என்ன, மிஷினு செத்துப் போச்சா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"சாகல. பிடிவாதம் பிடிக்குது" என்று கையிலிருந்த திரையில் வரைபடத்தைக் காட்டினேன். "இந்த வட்டத்துக்குள்ள போக மாட்டேங்குது. பழைய பதிவைத் தோண்டிப் பார்த்தேன். நீங்க பழக்கின காலத்துலயும் ஒரு வட்டம் இருந்திருக்கு. ஒரு வருஷம் முடிஞ்சதும் தானா மறைஞ்சிருச்சு. இந்தா, தீவுக்கு மேற்கால."

அவள் திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "இது சீனியம்மா மதினி போன இடமில்ல?"

"யாரு?"

"என்ன மேடம் மறந்துட்டீங்க? தண்ணிக்குள்ளயே நெஞ்சடைச்சுப் போச்சே. நீங்ககூட மாலை வாங்கிட்டு வந்தீங்க."

ஞாபகம் வந்தது. "அதுக்கும் இதுக்கும் என்ன?"

"பார்ல ஒருத்தி உசுர விட்டா, அந்த எடத்தச் சுத்தி இருபது பாகத்துக்கு ஒரு வருஷம் யாரும் கை வைக்க மாட்டோம். அங்கன மொளைக்கிறது அவளுக்கு."

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்து நிற்கிற நீளம். மனதுக்குள் பெருக்கினேன். இருபது பாகம், முப்பத்தாறு மீட்டர்.

"யாராவது தெரியாம வச்சுட்டா?"

"அப்ப மொத்தப் பாருக்கும் துக்கம். வச்ச நாள்லருந்து ஒரு வருஷம் ஒருத்தியும் எறங்கக் கூடாது. இருபத்தாறு வீட்டு உலையும் அணைஞ்சு போகும். அதனால எவளும் கை வைக்க மாட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பரவால்லயே, எங்ககிட்டப் படிச்ச மிஷினுக்கு மருவாதி தெரிஞ்சிருக்கு."

நானும் சிரித்தேன். ஒரு மாதக் குழப்பம் தீர்ந்த சந்தோஷம் எனக்கு. சிரிப்பு வாயில் இருக்கும்போதே இன்னொன்று உறைத்தது. அன்றைக்கு என் கிளிகள் அங்கே இருந்தன. நீந்திக்கொண்டிருந்த ஓர் உடம்பு அசைவு நின்று கீழே போனதைப் பார்த்தன. மறுநாளிலிருந்து ஐம்பது கைகள் அந்த இடத்தை மட்டும் விட்டு விலகியதைப் பார்த்தன. மனித உடம்பு அசையாமல் கிடக்கும் இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று கற்றுக்கொண்டன. இப்போது வரைபடத்தில் ஏழு வட்டங்கள்.

என் முகத்தைப் பார்த்து அவளும் நிறுத்தினாள். "என்ன டாக்டரம்மா?"

மறைக்கத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் தேநீர்க் கிளாஸைத் தரையில் வைத்தாள்.

"வேலிக்குள்ள ஆளே போகலன்னுதான சொல்றீங்க?"

"பதிவுல அப்படித்தான் இருக்கு."

"எப்ப எப்ப வந்துச்சு இந்த வட்டமெல்லாம்? தேதி சொல்லுங்க."

ஒவ்வொன்றாக வாசித்தேன். வைகாசியில் ஒன்று, ஆவணியில் இரண்டு. அவள் உதட்டைப் பிதுக்கினாள். முத்துவாடியில் அந்த மாதங்களில் யாரும் காணாமல் போகவில்லை, வேறு ஊர்ப் பெண்களாக இருக்கும் என்றாள். நாலாவதை வாசித்தேன். புரட்டாசி, மகாளய அமாவாசைக்கு மறுநாள், காலை ஆறே கால்.

கம்பெனி மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து உள்ளே போனார்கள், அவள் போகவில்லை.

"அன்னிக்குத்தான் எங்க முத்துராக்கு ஓடிப் போனா" என்றாள்.

முத்துராக்கு அவள் தங்கை. இருபத்தெட்டு வயது, புருஷன் விட்டுப் போனவள், ஒரு பெண் குழந்தை. ஐஸ் லாரி டிரைவர் ஒருவனோடு சிரித்துப் பேசுவாள். அதே வாரம் அந்த டிரைவரும் வேலையை விட்டுப் போனான். ஊரே இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. நம்புத்தாயும் போட்டாள்.

"அஞ்சு மாசமா அவ பேரச் சொல்லல. ஓடுகாலின்னுதான் சொன்னேன். அவ மக, அம்மா எங்கன்னு கேட்டா செத்துட்டான்னு சொல்வேன். கோவத்துல சொல்வேன் டாக்டரம்மா. கோவத்துல." கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கடல்ல கை வைக்காம கை நமநமங்குதுக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

ஒலிவேலியால் உயிருக்கு ஆபத்தில்லை என்ற சான்றிதழில் என் கையெழுத்து இருக்கிறது. சோதனையை நான்தான் நடத்தினேன். காற்று உருளையை முதுகில் கட்டிய ஆறு பயிற்சிக்காரர்கள், தெளிந்த நீர், மேலே மீட்புப் படகு. ஆறு பேரும் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு மேலே வந்தார்கள். மூச்சை மட்டும் நம்பி இறங்குகிறவளுக்குத் தலை சுற்றினால் மேல் எது கீழ் எது என்று தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் மேலே வருவதாக நினைத்துக்கொண்டு கீழே நீந்தியிருப்பாள். மூழ்கி வேலை செய்யும் இருபத்தாறு பெண்களோடு வருஷக்கணக்கில் பழகியவள் நான். ஒருத்தியைக்கூட அந்தச் சோதனைக்குக் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை, பராமரிப்பு என்று எழுதிவைத்து ஒலிவேலியை ஒரு மணி நேரம் நிறுத்தினேன். படகில் நாங்கள் இருவர்தான். நம்புத்தாய் பழைய ஆண் சட்டையைப் போட்டு, சேலைக் கிழிசலை விரல்களில் சுற்றிக்கொண்டாள். நாலாவது வட்டத்தின் நடுவில் இறங்கினாள்.

முதல் முறை வெறுங்கையோடு வந்தாள். இரண்டாம் முறையும். மூன்றாம் முறை நெடுநேரம் வரவில்லை. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாதாவை வேண்டினேன். தலை மேலே வந்தபோது அவள் கையில் ஒரு மஞ்சள் நைலான் துணி இருந்தது. விரலில் சுற்றிய சுருள் கலையாமல் இருந்தது.

"எஞ் சேலை இது" என்றாள். "கேக்காம கிழிச்சுட்டான்னு அவளோட சண்டை போட்டேன்."

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை எழுத எனக்கு வராது. கடலில் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. கிளிகள் வட்டத்துக்கு வெளியே வரிசையாக வந்து நின்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. அதையும் அவள் பார்த்தாள்.

"பாசி ஒண்ணையும் கிள்ளாமத்தான் தேடுனேன். எலும்பு கல்லுக்குள்ள மாட்டிக் கெடக்கு. எடுக்க வேணாம்" என்றாள் கரைக்கு வரும்போது. "அவளுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு. இந்தப் புரட்டாசியில முடியும். அது வரைக்கும் உங்க மிஷினு இப்ப இருக்க மாதிரியே இருக்கட்டும். முடிஞ்சதும் நாங்களே வந்து சடங்கு பண்ணிட்டு எடுத்துக்கிறோம். மத்த ஆறு பேருக்கும் அப்படித்தான்."

"சரி. நான் முறைப்படி அறிக்கை குடுக்கிறேன். அது வரைக்கும் வெளியில சொல்லாதீங்க. வேலிக்குள்ள போனதாத் தெரிஞ்சா அந்த வீடுகளுக்கு வேலை போயிரும்."

"வட்டத்துல கை வைக்க மாட்டீங்கல்ல?"

"வைக்க மாட்டோம்."

நான் சொன்னது அதுதான். மாற்றிச் சொல்ல ஆசையாக இருந்தாலும் அதுதான்.

வேதமூர்த்தி கெட்டவர் இல்லை. அறிக்கையை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"ஏழு பேருக்கும் நியாயம் கெடைக்கணும். நானே போலீஸுக்கு எழுதுறேன். ஆனா சான்று வந்தப்புறம். இப்ப வெளியில வந்தா பார் போச்சு, ஆணையம் போச்சு, இன்னும் எட்டுத் தீவுக்கு வச்சிருக்கிற திட்டம் போச்சு. செத்தவங்களும் திரும்ப மாட்டாங்க."

"அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

"பாசியைக் கிள்றதால எலும்புக்கு என்னம்மா ஆகப்போகுது? அது ஒரு நம்பிக்கை. மிஷின் அதைத் தப்பாக் கத்துக்கிட்டிருக்கு, நீங்க திருத்துறீங்க, அவ்வளவுதான்." ஒலிவேலிச் சான்றிதழின் நகலை மேஜையில் தள்ளினார். "அப்புறம், விசாரணைன்னு வந்தா மொதல்ல இந்தக் கையெழுத்தைத்தான் கேப்பாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

பாருக்காகச் செய்தேன் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். எனக்குப் பயமாக இருந்தது. சித்திரை இரண்டாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கிளிகளின் மூளையில் அந்தத் தயக்கம் எங்கே முடிச்சிட்டிருக்கிறது என்று தேடிப் பிடித்து அழித்தேன். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாலைக்குள் ஏழு வட்டத்துக்குள்ளும் கிளிகள் நுழைந்துவிட்டன. ஒலிவேலியையும் வேதமூர்த்தி சத்தமில்லாமல் நிறுத்தச் சொன்னார். அந்த அளவுக்கு அவருக்கும் மனசாட்சி இருந்தது.

குழு வந்தது. பார்த்தது. பாசி நூற்றுக்கு இரண்டு பங்குதான். மனிதன் கெடுத்ததை மனித அறிவே மீட்டெடுத்தது என்று பத்திரிகைகள் எழுதின. என் படமும் வந்தது. போலீஸுக்கு எழுதுவது பரிசீலனையில் இருந்தது. நம்புத்தாய் மூன்று முறை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

ஆனி மாதம் முதல் தடவையாக ஒரு கிளியின் கூடையில் வேர் கண்டேன். வேரின் அடியில் நகத்தளவு குஞ்சுப் பவளம் ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு கிளி தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் எல்லாக் கூடையிலும் வேர். ஆடியில் பாசியே இல்லாத இடத்தில் பவளத்தையே கிள்ள ஆரம்பித்தன.

மறுபடி நிரலைத் திறந்து உட்கார்ந்தேன். இரண்டு நாளில் புரிந்துவிட்டது. துக்கத்துக்கு ஒரு முடிச்சு, வேரை விடுவதற்கு ஒரு முடிச்சு, குஞ்சுப் பவளத்தைத் தொடாமல் இருப்பதற்கு ஒரு முடிச்சு என்று அங்கே தனித்தனியாக எதுவும் இருந்ததில்லை. அந்தப் பெண்களிடமிருந்து கிளிகள் படித்தது ஒரே பாடம்தான், எங்கே கையை எடுக்க வேண்டும் என்பது. அதைத்தான் நான் வேரோடு பிடுங்கியிருக்கிறேன். பழைய பிரதி இருக்கிறதா என்று தேடினேன். விசாரணை வந்தால் வம்பு என்று வேதமூர்த்தி அதையும் அழிக்கச் சொல்லியிருந்தார். நானும் அழித்திருந்தேன்.

கிளிகளைக் கரையேற்றினோம். கிளிகள் இல்லாத பாரில் பாசி வெறியோடு ஏறியது. ஆவணி முடிவதற்குள் இருபது ஏக்கர் போய்விட்டது.

"அந்தப் பொம்பளைங்களைத் திரும்பக் கூப்பிடுங்க" என்றார் வேதமூர்த்தி. "கேக்கிறதைக் குடுப்போம். அவங்க கையால கிள்ளட்டும், மிஷினுக்கும் பழக்கட்டும். ரெண்டு மாசத்துக்குள்ள தொடங்கினாப் பாதியையாவது காப்பாத்தலாம்."

அது உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதம் தாண்டினால் ஒன்றும் மிஞ்சாது.

புரட்டாசி, மகாளய அமாவாசைக்கு மறுநாள் முத்துவாடிக்குப் போனேன். நாள் பார்த்துப் போகவில்லை. கரையில் போய் நின்ற பிறகுதான் என்ன நாள் என்று உறைத்தது. நம்புத்தாய் வாழை இலையில் சோறும் மஞ்சள் துணியும் வைத்துக்கொண்டு படகுக்காகக் காத்திருந்தாள். கூட மிச்சமிருந்த இருபத்து மூன்று பெண்கள்.

"நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றாள். "இன்னிக்கோட அவளுக்கு வருஷம் முடியுது. எடுத்துக்கிட்டு வந்துருவோம்."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். அழித்ததை, வட்டங்களுக்குள் கிளிகள் போனதை, இப்போது பார் எந்த நிலையில் இருக்கிறது என்பதை. அவர்கள் இல்லாமல் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் திட்டவில்லை. ஒருத்தி மட்டும் மணலில் துப்பினாள்.

"எப்பக் கை வச்சீங்க?" என்றாள் நம்புத்தாய்.

"சித்திரை ரெண்டு."

அவள் இலையைக் கீழே வைத்தாள். விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மற்றவர்களும் அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

"அந்த ஏழு தேதியும் எழுதிக் குடுங்க. மத்த ஆறு வீட்டையும் நாங்க தேடிப் போய்ச் சொல்லிக்கிறோம்" என்றாள். "வர்ற சித்திரை ரெண்டு வரைக்கும் ஒருத்தியும் எறங்க மாட்டோம்."

"நம்புத்தாய், அது வரைக்கும் பார் தாங்காது. ஒரு பவளம் மிஞ்சாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள். தங்கையின் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அதனாலதான் டாக்டரம்மா, எவளும் கை வைக்க மாட்டா."